அப்பா அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனா? லென்ஸ் விலை அட்டையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து முடித்ததும் "கவுன்சிலிங் ரூமுக்குப் போங்க" என்று அனுப்புவாங்க. அங்கே ஒரு மேஜை, மேஜைமேல் லேமினேட் செய்த அட்டை. அட்டையில் நாலைந்து லென்ஸ் பெயர், பக்கத்தில் விலை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் மூணு மடங்கு வித்தியாசம் இருக்கும். அப்பா "இருக்கறதுலயே கம்மியானது போதும்ப்பா" என்பார். நீங்க அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம், நல்லதாவே போடுங்க" என்று சொல்லிடுவீங்க. கண்புரை ஆபரேஷனில் உங்க பணம் போகிற இடம் இந்தப் பத்து நிமிஷப் பேச்சுதான்.

நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு, பெத்தவங்களுக்காகப் போடுகிற முதல் மெடிக்கல் கிளெய்ம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு நல்ல விஷயம்: மாரடைப்பு மாதிரி இது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்காது. பெரும்பாலும் யோசிச்சு, விசாரிச்சு, தேதி குறிக்க சில வாரங்களாவது கிடைக்கும். அந்த அவகாசத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் பிரச்சனை.

அதற்கு முன்னால் ஒண்ணு. புரை இருக்கு என்று பெத்தவங்க அவங்களா வந்து சொல்வாங்க என்று காத்திருக்காதீங்க. மகனுக்கு இ.எம்.ஐ. ஓடுது, மகளுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாங்க. அடையாளங்களை நாமதான் பார்க்கணும். எதிரே வர வண்டியோட லைட் கூசுது என்று அப்பா ராத்திரியில் ஸ்கூட்டரை எடுப்பதை நிறுத்தியிருப்பார். அம்மா செல்போன் வெளிச்சத்தை முழுசா ஏத்தி வெச்சிருப்பாங்க. மாத்திரை அட்டையில் பெயரைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து எடுப்பாங்க. சுகர் இருக்கிறவங்களுக்குப் புரை இன்னும் சீக்கிரமே வரலாம். "புரை நல்லா பழுக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போ செய்கிற பேக்கோ முறையில் சின்னத் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறாங்க. அதிகமாக முற்றிக் கெட்டியாகிவிட்டால் ஆபரேஷன்தான் சிரமமாகும். படி தெரியாமல் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா ஆகிற செலவுக்கு முன்னால், எந்த லென்ஸ் விலையும் சின்னதுதான்.

லென்ஸில் எதற்கு இவ்ளோ விலை வித்தியாசம்?

கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறாங்க. வைத்தால் ஆயுசுக்கும் இருக்கும், மாத்த வேண்டிய பொருள் இல்லை. விலை குறைஞ்ச மோனோஃபோக்கல் லென்ஸுக்கும் இது பொருந்தும். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, "காஸ்ட்லி லென்ஸ் ரொம்ப நாள் உழைக்கும்" என்று டயர் வாங்குற மாதிரி நினைக்கிறவங்க இருக்காங்க.

மோனோஃபோக்கலில் ஒரு தூரம் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பாங்க. பேப்பர் படிக்கக் கண்ணாடி போடணும். மல்டிஃபோக்கல், ட்ரைஃபோக்கல் வகைகளில் தூரம், கிட்டம் இரண்டுக்கும் கண்ணாடித் தேவை குறையும். பதிலுக்கு, ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிற தொந்தரவு சிலருக்கு வரும். விழித்திரையில் சுகர் பாதிப்போ, கண் அழுத்த நோயோ இருந்தால் டாக்டரே வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சிலிண்டர் பவர் நிறைய இருக்கிறவங்களுக்கு டோரிக் என்று தனி வகை இருக்கு. அவங்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும்.

ஆக, கூடுதல் பணம் கொடுத்து நீங்க வாங்குவது கண்ணாடி இல்லாத வசதியை. பார்வையின் ஆரோக்கியத்தை இல்லை. நாற்பது வருஷமாக மூக்குக் கண்ணாடி போட்டுப் பழகின அம்மாவுக்குப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி என்பது குறையே இல்லை. இன்னும் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற, நடுவில் தெருவையும் பார்க்க வேண்டியிருக்கிற அப்பாவுக்கு வேற பதில் வரலாம். லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவங்க அன்றாடம் செய்கிற வேலையை வைத்து. உங்க குற்ற உணர்ச்சியை வைத்து இல்லை.

"இந்திய லென்ஸ்னா தரம் கம்மியா இருக்குமோ" என்ற சந்தேகத்துக்கும் பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழை நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாததால், 1992-ல் அவங்களே ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்று அந்த லென்ஸ்கள் பல நாடுகளுக்குப் போகுது. அரவிந்தில் பணம் கட்டுகிற பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இயங்குது. அங்கே லென்ஸோடு சேர்த்து இலவசம். கையில் பணமே இல்லாத நேரத்தில் 36 சதவீத கிரெடிட் கார்டு வட்டிக்கு ஆபரேஷன் செய்வதைவிட இங்கே போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

பாலிசியில் தேட வேண்டிய வரி

உங்க கவரேஜ் 5 லட்சமாக இருக்கலாம். கண்புரைக்கு அது 5 லட்சம் இல்லை. நிறைய பாலிசிகளில் "ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான்" என்று தனி உச்சவரம்பு இருக்கும். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கோங்க: ஒரு பாலிசி ஆண்டில், ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. கூடவே எல்லா கிளெய்முக்கும் 5 சதவீதம் நாம் போடணும். காத்திருப்புக் காலம் 24 மாதம்.

கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் கிடையாது, முதல் நாளிலிருந்தே கவர் ஆகும். ஆனால் பெத்தவங்களுக்கு மட்டும் கோ-பே வெச்சிருப்பாங்க. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு, ஹெச்.ஆர்.கிட்ட கேட்டே ஆகணும். உச்சவரம்பு கண்ணுக்கு 30,000, கோ-பே 20 சதவீதம் என்று வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரி பில் 55,000. பில்லில் முதலில் 20 சதவீதத்தைக் கழித்தால் 44,000 வரும். அதற்கு உச்சவரம்பு போட்டால் உங்களுக்கு 30,000 கிடைக்கும். முதலில் 30,000 என்று வெட்டி, அதில் 20 சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பது 24,000. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் வித்தியாசம், ஒரே ஒரு வரியால்.

அதே பாலிசியில் 95,000 ரூபாய் லென்ஸுக்கு ஒப்புக்கொண்டால்? இரண்டாவது முறைப்படி ஒரு கண்ணுக்கு 71,000, இரண்டு கண்ணுக்கு 1,42,000 உங்க பாக்கெட்டிலிருந்து. 38,000 ரூபாய் மோனோஃபோக்கல் என்றால் இரண்டு கண்ணுக்கும் 28,000. (இந்த விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்க ஆஸ்பத்திரி விலையைப் போட்டுப் பாருங்க.) நடுவில் இருக்கும் 1,14,000 ரூபாய் கண்ணாடி போடாமல் இருப்பதற்கான விலை. கொடுக்கலாம், தப்பில்லை. என்ன வாங்குறோம் என்று தெரிஞ்சு கொடுங்க.

24 மணி நேரம் அட்மிட் ஆகலையே, கிளெய்ம் வருமா என்று கேட்பாங்க. டே-கேர் சிகிச்சையாக வரும். கேஷ்லெஸ் என்றால் முன் அனுமதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க. ரீஇம்பர்ஸ்மென்ட் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, பில் கூடவே லென்ஸ் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்க. லென்ஸ் டப்பாவில் வரிசை எண்ணோடு வரும் ஒட்டுச்சீட்டு அது. அது இல்லாமல் ஃபைல் திரும்பி வருவது சகஜம். ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்ட், பின் வாங்கிய சொட்டு மருந்து பில்களையும் பாலிசி சொல்லும் நாள் கணக்குக்குள் சேர்த்துக் கொடுக்கலாம். மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் பொதுவாகத் தரமாட்டாங்க.

வேலை மாறப் போறீங்களா? இதைக் கவனமாகப் படிங்க. குரூப் பாலிசி பொதுவாக உங்க கடைசி வேலை நாளோடு முடிஞ்சிடும். ஒரு கண் முடிஞ்சு, அடுத்த கண்ணுக்குத் தேதி குறித்த நிலையில் ராஜினாமா கொடுத்துவிட்டு, புதுக் கம்பெனியில் பெத்தவங்களுக்குக் கவரே இல்லை என்று அப்புறம் தெரிஞ்சுக்கிறவங்க உண்டு. இரண்டு கண்ணையும் முடிச்சிட்டு நோட்டீஸ் கொடுங்க.

பெத்தவங்களுக்கு இன்னும் புரை இல்லை என்றால் தனி பாலிசி எடுக்கச் சரியான நேரம் இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் கட்டினோம். ஏற்கெனவே புரை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தால் அதை மறைத்து பாலிசி எடுக்காதீங்க. அதே சீட்டுதான் கிளெய்ம் ஃபைலில் முதல் தாளாக வந்து நிற்கும். 70 வயது முடிந்தவங்களுக்கு 2024 அக்டோபர் முதல், வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் கவர் இருக்கு. நீங்க போகிற ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரிங்க.

வரிச் சலுகை கிடைக்குமா?

புது வரி முறையில் இருந்தால் கிடையாது. அடுத்த பகுதிக்குப் போயிடலாம்.

பழைய முறையில் இருப்பவங்களுக்கு, 80டி என்று நாம் பழகின சலுகையில் 60 வயது தாண்டின பெத்தவங்களுக்காக 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். அவங்களுக்குப் பிரீமியம் கட்டினால் அந்தப் பிரீமியம். அவங்க பேரில் ஹெல்த் இன்ஷூரன்ஸே இல்லை என்றால், நீங்க செய்த மருத்துவச் செலவையே காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, யு.பி.ஐ., கார்டு, வங்கி வழியாக, உங்க கணக்கிலிருந்து போகணும். அப்பா தன் பென்ஷன் பணத்தில் கட்டிய பில்லை நீங்க காட்ட முடியாது. அண்ணன் ஒரு கண்ணுக்கும் நீங்க ஒரு கண்ணுக்கும் கட்டினால், அவங்கவங்க கட்டியதை அவங்கவங்க காட்டலாம். 80டிடிபி-யில் வருமா என்று அடிக்கடி கேட்கிறாங்க. வராது, அந்த நோய்ப் பட்டியலில் கண்புரை இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு: லீவு கணக்கு

பெரும்பாலும் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டே செய்றாங்க, ஆபரேஷன் நேரமும் அரை மணிக்குள்தான். அன்றே வீட்டுக்கு வந்துடலாம். அதனால் ஒருநாள் லீவு போதும் என்று நினைப்போம். போதாது. மறுநாள் செக்கப் இருக்கும், அப்புறம் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில். முதல் இரண்டு நாள் கட்டாயம், மற்றவை அரை நாள் என்று முன்கூட்டியே மேனேஜரிடம் பேசிடுங்க. இன்னொரு கண்ணுக்கும் இதே கணக்கு மறுபடி வரும்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் எல்லா மாத்திரையையும் காட்டணும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை மட்டும் இல்லை, அப்பா ப்ராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரையையும். அது கண்ணின் ஐரிஸைத் தளர்த்தும். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்ப தயாராவார். நம்ம அப்பாக்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

வீட்டுக்கு வந்தபிறகு பெரிய வேலை சொட்டு மருந்துதான். ஆரம்பத்தில் நாளுக்கு ஆறு தடவை வரை போகும், வாராவாரம் குறைந்து, மொத்தம் நாலு முதல் ஆறு வாரம். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் அஞ்சு நிமிஷம் இடைவெளி. அம்மா அப்பா ஊரில் தனியாக இருந்தால், யார் விடுவாங்க என்று தேதி குறிக்கும்போதே முடிவு பண்ணுங்க. எங்க அம்மாவுக்குச் செய்தபோது, மருந்து பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு கலர் ரப்பர் பேண்ட் சுற்றி, காலண்டரில் அதே கலரில் புள்ளி வெச்சோம். எழுத்தைப் படிக்கச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

டாக்டர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கசக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. அடுப்படிப் புகையும் வேண்டாம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் இரண்டு வாரத்துக்குச் சமையலுக்கு யார் என்பதும் செலவுக் கணக்கில் சேரும். அதை யாரும் எழுதுவதே இல்லை. டிவி பார்க்கலாம். வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் நன்றாகச் சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிட்டுப் போங்க.

படிக்கிற கண்ணாடியை மூணாவது நாளே வாங்கிடாதீங்க. பவர் நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு வாங்கினால் இரண்டாவது முறையும் பணம் போகும். அதுவரை மருந்துச் சீட்டைப் படிக்க இன்னொருத்தர் கண் வேணும்.

சில மாதமோ சில வருஷமோ கழித்து "மறுபடி மங்கலா இருக்கு, புரை திரும்ப வந்துடுச்சு" என்று போன் வரலாம். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் மெல்லிய சவ்வு சிலருக்கு மங்கும். யாக் லேசரில் சில நிமிஷத்தில் சரிபண்ணிடுவாங்க. கத்தி இல்லை, அட்மிஷன் இல்லை. உங்க பாலிசி அதை டே-கேராக எடுத்துக்குமா, ஓ.பி. செலவு என்று தள்ளிடுமா என்று மட்டும் போவதற்கு முன் டி.பி.ஏ.வுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க.