உ. வே. சாமிநாதையரின் ஆசிரிய உருவாக்கத்தில் வாசிப்பும் எழுத்தும்

தஞ்சைப் பகுதியின் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையரின் ஆசிரிய ஆளுமையை ஆராய்வோர், 1880இல் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்த நிகழ்விலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முந்தைய ஏட்டுப் பயிற்சிக்கு உரிய இடம் தரப்படவேண்டும். 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற காலத்தில், ஆசிரியர் வாய்மொழியாக இயற்றிய செய்யுட்களை அவர் ஏட்டில் எழுதினார். சீர் பிரித்தலும் பிழையுணர்தலும் எழுத்தாணி வழியே பழகின. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்ததால், யாப்பும் பொருளும் அறிந்தே சொல்லைத் தெளிய வேண்டும். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் ஆகியவை அவருடைய இலக்கிய உலகமாக அமைந்தன.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஆண்டிலேயே அவ்வுலகம் அசைந்தது. பழைய நூல்களைப் படித்ததுண்டா என முதலியார் வினவினார். சீவக சிந்தாமணியை ஐயர் படித்திருக்கவில்லை. கற்பிக்கும் பதவியிலிருந்தவர் மீண்டும் மாணவரானார். சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களை நாடிக் கேட்டறிந்தார். புலமைச் செருக்கு குறுக்கிட்டிருந்தால் இது நிகழ்ந்திராது. பின்னர்ப் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெரிந்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். இப்பணிக்கு வேண்டிய கையும் கண்ணும் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் முன்பே பழகியிருந்தன.