பாதரசப் பீங்கான்

இயல்பான வெப்பநிலையிலேயே நீர்போல் ஓடும் உலோகம் பாதரசம் என்பதை யாவரும் அறிவர். மின்சாரம் தடையேதுமின்றிச் செல்லக்கூடும் என்பதை உலகிற்கு முதலிற் காட்டியதும் அதுவே. 1911ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டு லைடன் நகரில், காமர்லிங் ஆனஸ் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்திலே பாதரசத்தைத் திரவ ஹீலியத்தாற் குளிர்வித்தனர். கெல்வின் அளவையில் 4.2 பாகையை அடைந்தபோது அதன் மின்தடை அறவே மறைந்தது. இந்நிலையை மீகடத்தல் என்பர்.

பீங்கான் இனமோ மின்சாரத்தைத் தடுப்பதற்கென்றே பெயர்பெற்றது. ஆயினும் 1986இல் பெட்நார்ஸ், முல்லர் என்னும் இருவர், செம்பும் பிராணவாயுவும் கலந்த பீங்கானொன்றில் மீகடத்தலைக் கண்டனர். பின்னர் 1993இல், பாதரசம், பேரியம், கால்சியம், செம்பு, பிராணவாயு ஆகிய ஐந்தும் கூடிய பீங்கான் சூரிச் நகரிற் சோதிக்கப்பெற்றது. அது 133 பாகையிலேயே, அதாவது சென்டிகிரேடு அளவையிற் சுழிக்குக் கீழ் 140இலேயே, தடை நீங்கிற்று. அதற்குமுன் வேறெப்பொருளும் இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையில் அப்பண்பை எய்தியதில்லை. திரவ நைட்ரஜன் 77 பாகையிற் கொதிப்பதாகலின், விலைமிக்க ஹீலியத்தை நாடாது அதனாலேயே இப்பீங்கானைக் குளிர்விக்கலாம்.

இத்துணைச் சிறப்புடைய பொருள் ஆய்வுக்கூடத்தை விட்டு அதிகம் வெளிவராததற்குக் காரணம் யாது? இதனைச் சுடுவதற்குச் சென்டிகிரேடு 800 பாகையளவான வெப்பம் வேண்டும். பாதரச ஆக்சைடோ அதற்கு முன்னரே, ஏறக்குறைய 500 பாகையிற் சிதைந்து ஆவியாகும். ஆதலின் மூலப்பொருள்களைப் படிகக்கல் குழாயினுள் அடைத்து, வாயை மூடிச் சுடுகின்றனர். உள்ளே ஆவியின் அழுத்தம் மிகுந்தாற் குழாய் வெடித்தலும் கூடும். வெளிப்படும் பாதரச ஆவி நரம்புகளையும் சிறுநீரகங்களையும் கெடுக்கும் கொடுநஞ்சு. மேலும், பீங்கான் எளிதில் நொறுங்குவது. செம்பைப்போற் கம்பியாக நீட்ட இயலாது.

இவ்விடர்களால் மின்வடங்களுக்கு இட்ரியம், பிஸ்மத் ஆகியவை கலந்த பீங்கான்களையே நாடா வடிவிற் செய்து ஆள்கின்றனர். அவற்றின் வெப்பநிலை வரம்பு இதனினும் தாழ்ந்ததே. மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் காந்தங்களுக்கோ, பெரும்பாலும் நயோபியம்-டைட்டானியக் கம்பியே பயன்படுகின்றது. அஃது ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழன்றி மீகடத்தாது. எனினும் விரும்பியவாறு வளையும், சுற்றும், அறாது நீளும்.

ஒரு பொருளின் பயனை அதன் உச்சப் பண்பு ஒன்றனாலே அளத்தல் தகாது என்பது இதனால் விளங்கும். அதனைச் செய்வோரின் உயிர்க்கு ஊறின்மையும், கையாள்வதற்கு இசைவும் உடன்வைத்து எண்ணற்பாலன. ஆயினும் பாதரசப் பீங்கானை வீணென ஒதுக்கற்க. மீகடத்தல் எத்துணை வெப்பத்திலும் நிகழக்கூடும் என்று ஆராய்வார்க்கு அஃது இன்றும் சிறந்ததொரு சோதனைப்பொருளாகும்.