சூழற்குறிப்பும் சொல்தேர்வும்: கோலார் தங்கவயல் சுரங்கச் சொற்களை முன்வைத்து

1. முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளுக்கும் இயல்பு. அப்பொருள்களுள் எது ஒரு தொடருக்கு உரியது என்பதை அத்தொடரிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் அமைந்துள்ள பிற கூறுகள் உணர்த்துகின்றன. இக்கூறுகளைச் சூழற்குறிப்புகள் எனலாம். படிப்போர் இவற்றைத் தம்மை அறியாமலே பயன்படுத்திக்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பாளரோ அறிந்து, ஆராய்ந்து பயன்படுத்தவேண்டியவராக உள்ளார். மூலமொழியில் ஒரே சொல்லாக இருப்பது பெயர்ப்புமொழியில் பல சொற்களாகப் பிரியும்போது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். கோலார் தங்கவயல் பற்றிய ஆங்கில ஆவணங்களில் பயின்றுவரும் சில சொற்களைக் கொண்டு, இத்தேர்வு நிகழும் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

2. களமும் மொழிச்சூழலும்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் அமைந்த தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியில் ஈடுபட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று அந்நிறுவனத்தின் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது.

தொழிலாளருள் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர். சுரங்க நிருவாகத்தின் மொழி ஆங்கிலம். மாநில ஆட்சிமொழி கன்னடம். தெலுங்கு பேசுவோரும் கணிசமாக இருந்தனர். எனவே, இவ்வூரின் வரலாறு, தொழில்நுட்பம், விபத்து, இழப்பீடு ஆகியன பற்றிய எழுத்துகள் பெரிதும் ஆங்கிலத்தில் அமைய, அவற்றுக்கு உரிய மக்களின் மொழி தமிழாக இருந்தது. மொழிபெயர்ப்பின் தேவை இங்கு இயல்பாகவே எழுகின்றது.

3. தொல்காப்பிய நெறி

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இருவகைப்படுத்துகிறது. வினையால் வேறுபடுவது ஒன்று. வினையால் வேறுபடாதது மற்றொன்று. முன்னதன் பொருளை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றால் தெளியலாம் என்பதும், பின்னதனைப் பேசுவோன் வெளிப்படையாகக் கிளந்து கூறவேண்டும் என்பதும் அவ்வியலின் கருத்துகள். உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லைக் காட்டுவர். மா பூத்தது எனின் மரம் என்பது விளங்கும். மா வீழ்ந்தது எனின் மரமா விலங்கா என்பது விளங்காது. இருபதாம் நூற்றாண்டில் மாலினோவ்ஸ்கியும் ஃபெர்த்தும் சூழலை முதன்மைப்படுத்தி வளர்த்த பொருண்மைக் கொள்கையோடு இந்நெறி ஒப்புநோக்கத்தக்கது. மொழிபெயர்ப்புக்கு இது நேரடியாகப் பயன்படுவதைக் கீழ்வரும் சான்றுகள் காட்டும்.

4. வினை

‘சாஃப்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் பொறியியலில் சுழல்தண்டினையும், சுரங்கவியலில் நிலத்துள் செங்குத்தாக இறங்கும் குழியினையும் குறிக்கும். சுரங்கத்தில் இவ்விரண்டும் உண்டு. ஆட்களையும் தாதுவையும் ஏற்றியிறக்கும் பொறியில் சுழல்தண்டு உள்ளது. அப்பொறி குழியின் வாயிலில் நிற்கிறது. ஆகவே, பொருட்புலம் சுரங்கம் என்று அறிவது மட்டும் இங்குப் போதாது. ‘தோண்டப்பட்டது’, ‘ஆழப்படுத்தப்பட்டது’ என்னும் வினைகள் வரின் குழி எனவும், ‘சுழன்றது’, ‘முறிந்தது’ என்பன வரின் தண்டு எனவும் கொள்ளவேண்டும்.

5. இனம்

‘ரீஃப்’ என்பதற்குப் பொது அகராதிகள் முதற்கண் தரும் பொருள் கடலடிப் பாறைத்திட்டு என்பதாகும். தங்கவயல் ஆவணங்களில் இச்சொல்லுடன் குவார்ட்ஸ், தாது, டன் கணக்கு ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. பவளமும் அலையும் இனமாக வரும் இடத்தில் பாறைத்திட்டு பொருந்தும். குவார்ட்ஸும் தாதுவும் இனமாக வரும் இடத்தில் பொன் கலந்த பாறைப்படிவு என்பதே பொருந்தும். எனினும் ‘சாம்பியன் ரீஃப்’ என வருமிடத்து அது சுரங்கத்தின் பெயராகவும் ஊர்ப்பகுதியின் பெயராகவும் நிலைபெற்றுவிட்டமையால் ஒலிபெயர்த்து எழுதுவதே முறை.

6. சார்பு

‘லைன்’ என்னும் சொல் தங்கவயல் தமிழில் தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் குறிக்கும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்குச் செல்லும் இருப்புப்பாதையும் ஆங்கிலத்தில் ‘லைன்’ எனப்படுவதால், ஒரே பக்கத்தில் இரு பொருளும் வரக்கூடும். குடும்பம், வாடகை, குடிநீர் பற்றிய செய்தி சார்ந்துவரின் குடியிருப்பு. நிலையம், பெட்டி, பயணம் பற்றிய செய்தி சார்ந்துவரின் இருப்புப்பாதை. இதே ஆங்கிலச் சொல் இலங்கை மலையகத் தமிழில் ‘லயம்’ என வழங்குகிறது. தங்கவயல் பற்றிய தமிழ் எழுத்தில் ‘லயம்’ என எழுதுவது பொருளளவில் பிழையன்று. ஆனால், அது மற்றொரு வட்டாரத்தின் வழக்கு.

சார்பு என்பதில் காலமும் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட தங்கவயல் அறிக்கைகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற தொடரைக் கையாளுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காற்று வெடிப்பு என்றாகும். அக்கால அறிக்கைகள் உண்மையில் குறித்தது வேறு. பேராழத்தில் அழுத்தத்துக்கு உட்பட்டிருக்கும் பாறை, அதனருகே அகழ்வு நிகழ்ந்தபின் அவ்வழுத்தத்தைத் திடீரென வெளிப்படுத்திச் சிதறுவதுண்டு. பிற்கால ஆங்கிலத்தில் இது ‘ராக் பர்ஸ்ட்’ எனப்பட்டது. ஆழம் ஏறத்தாழ 3 கிலோமீட்டரைக் கடந்த சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கத்தில் இது பேரிடராக விளங்கியது. இன்றைய சுரங்கவியலில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பது, வெற்றிடத்தின் கூரை சரிந்து அங்குள்ள காற்று வன்மையாகத் தள்ளப்படுவதைக் குறிக்கிறது. எனவே, ஆவணத்தின் ஆண்டினை நோக்காமல் இத்தொடரைப் பெயர்த்தல் இயலாது.

7. தவறான தேர்வின் விளைவு

இச்சொல்லை ‘வெடி விபத்து’ எனப் பெயர்ப்பதாகக் கொள்வோம். தமிழ் வாசகர் மனத்தில் வெடிமருந்து தோன்றும். வெடிமருந்து எனின் அதைக் கையாண்ட தொழிலாளியின் கவனக்குறைவும் உடன் தோன்றும். பாறையின் அழுத்தத்தால் நேர்ந்த இறப்பு, இறந்தவரது பிழையால் நேர்ந்ததுபோல் ஆகிவிடும். இழப்பீடு பற்றிய ஆவணமாயின் இவ்வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும்.

பெயர்ப்புமொழியின் பக்கமும் ஓர் இடர் உண்டு. ‘பாறை வெடிப்பு’ என்று எழுதினால், தமிழில் ‘வெடிப்பு’ பிளவையும் குறிப்பதால், பாறையிலுள்ள விரிசல் எனவும் பொருள்படும். ‘பாறை வெடித்துச் சிதறல்’ என விரித்தெழுதுவது இவ்வையத்தை நீக்கும்.

8. கிளந்து கூறல்

வினையும் துணைசெய்யாத தொடர்கள் உள. ‘சாஃப்ட் பழுதுபார்க்கப்பட்டது’ என்பது ‘மா வீழ்ந்தது’ என்பதனை ஒத்தது. குழியின் சுவரும் பழுதுபார்க்கப்படும், தண்டும் பழுதுபார்க்கப்படும். இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்பின் பத்திகளை ஆராய்ந்து, தெளிந்தபின் ‘இறங்குகுழி’ என்றோ ‘பொறியின் சுழல்தண்டு’ என்றோ வெளிப்படையாக எழுதவேண்டும். ‘சாஃப்ட்’ என ஒலிபெயர்த்து நிறுத்துவது மூலத்திற்கு உண்மையாக இருப்பதுபோல் தோன்றினும், ஐயத்தை வாசகரிடம் ஒப்படைப்பதேயாகும்.

9. வழக்கின் ஆற்றல்

ஊர்ப்பெயரே இந்நெறிக்கு எல்லை வகுக்கிறது. ‘ஃபீல்டு’ என்பதற்கு வயல், களம், புலம், துறை எனத் தமிழில் பல சொற்கள் உள. நெல்லோடு வரின் வயல். போரோடு வரின் களம். காந்தத்தோடு வரின் புலம். கல்வியோடு வரின் துறை. சுரங்கத்தோடு வரும்போது உழவு சார்ந்த ‘வயல்’ பொருந்தாது என்றே சூழற்குறிப்பு மட்டும் கொண்டு முடிவுசெய்ய நேரும். கன்னடத்தில் இவ்வூர் தங்கச் சுரங்கம் எனப் பொருள்படும் ‘சின்னத கணி’ என்றே வழங்கப்பெறுகிறது. தமிழ் மக்களோ ‘தங்கவயல்’ என்றனர், அப்பெயர் நிலைத்துவிட்டது. ‘எண்ணெய் வயல்’ என்னும் வழக்கும் இதனோடு சேர, ‘வயல்’ என்னும் சொல்லே கனிவளம் விளையும் நிலம் என்ற பொருளைப் பெற்றுள்ளது.

1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டன. அவ்வாய்வுகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ஊர்ப்பெயரிலும் காந்தவியல் தொடரிலும் ‘ஃபீல்டு’ வருமாயின், முன்னது வயலாகவும் பின்னது புலமாகவும் பெயர்க்கப்படவேண்டும். முன்னதை வழக்கும் பின்னதை இனமும் முடிவு செய்கின்றன.

10. முடிவுரை

சொல்தேர்வில் மொழிபெயர்ப்பாளர் நோக்கவேண்டியவை ஐந்து எனத் தொகுக்கலாம்: உடன்வரும் வினை, உடன்வரும் இனச்சொல், இடமும் காலமும் உள்ளிட்ட சார்பு, இவை துணைசெய்யாதவிடத்துக் கிளந்து கூறல், மக்கள் வழக்கு. அகராதி ஒரு சொல்லுக்கு உரிய பொருள்களை வரிசைப்படுத்தித் தரும். அவற்றுள் ஒன்றைத் தேரும் பொறுப்பு தொடரைப் படிப்போரிடமே உள்ளது. சுரங்கப் பணி நின்றுவிட்ட தங்கவயலின் வரலாறு இனி எழுத்தின் வழியாகவே அடுத்த தலைமுறையைச் சேரவிருப்பதால், அவ்வெழுத்தைத் தமிழாக்குவோர்க்கு இப்பொறுப்பு மேலும் மிகுதியாகின்றது.