பதிவேட்டில் ஏறாத நூல்கள்

நான் படித்த கல்லூரியில் புதுப் புத்தகம் வந்தால் நேரே அலமாரிக்குப் போய்விடாது. நூலகர் தடித்த பதிவேட்டைத் திறந்து தேதி, ஆசிரியர், தலைப்பு, விலை, வாங்கிய கடை என்று வரிசையாக எழுதி, ஓர் எண் கொடுப்பார். அக்செஷன் நம்பர். அதே எண்ணைப் புத்தகத்தின் ரகசியப் பக்கம் ஒன்றிலும் எழுதி முத்திரை குத்துவார். யாராவது முதல் தாளைக் கிழித்துவிட்டாலும் அது எங்கள் நூலகத்துப் புத்தகம்தான் என்பதற்கு அந்தப் பக்கம் சாட்சி.

இன்று ஆய்வு மாணவர்கள் சந்தா வழியாக இணையத்தில் படிக்கும் இதழ்களில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். ஒரு கட்டுரைக்காக ஐஐடியில் இருக்கும் நண்பனிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அரசுக் கல்லூரி மாணவி, இனி அதைத் தானே திறந்து படிக்கலாம். பல ஆண்டு ஏக்கம் அது.

ஆனால் அந்த 6,000 கோடிக்கு நாம் வாங்கியிருப்பது எதை? புத்தகத்தை வாங்கினால் வீடு வாங்கியதுபோல. சந்தா என்பது வாடகை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, சந்தா நின்ற மறுநாள் அலமாரி காலி.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் இதழ்ப் பதிப்பகமான எல்சேவியருடன் சந்தாப் பேச்சை முறித்துக்கொண்டது. பத்து வளாகங்கள் கொண்ட பெரிய பல்கலைக்கழகம். அதற்கே சில மாதங்களில் புதுக் கட்டுரைகள் நின்றுபோயின. 2021 மார்ச்சில்தான் புது உடன்பாடு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கட்டுரைகளில் பெரும்பாலானவை திறந்தே இருந்தன. முந்தைய ஒப்பந்தங்களில் நிரந்தர உரிமையை அங்கிருந்த நூலகர்கள் கேட்டு வாங்கி வைத்திருந்ததுதான் காரணம். நம் ஒப்பந்தங்களிலும் முதலில் தேட வேண்டிய வரி அதுதான் என்பேன்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகம் 1990களின் இறுதியில் இன்னொரு வழி கண்டது. லாக்ஸ் என்று பெயர். ஒரே இதழின் பிரதிகளைப் பல நூலகங்கள் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளும். அவை அவ்வப்போது ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றில் பழுது இருந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துவிடும். செல்லரிக்குமுன் ஏட்டுச் சுவடியைப் படியெடுத்து, பல மடங்களிலும் வீடுகளிலும் வைத்திருந்த நமக்கு இது புரியாத வித்தை அல்ல. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பிரதிகளை ஒப்பிட்டதும் இதே வேலைதான்.

நம் கையிலேயே இருப்பதைக் காப்பதில் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கச் சொல்லி 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அவற்றை ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் சேர்க்கிறது. துறைத் தலைவர் அறைப் பீரோவில் தூசி படிந்து கிடக்க வேண்டியவற்றை, இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். இதற்குச் சந்தா இல்லை, நின்றுபோகவும் எதுவுமில்லை.

அண்மையில் பழைய கல்லூரிக்குப் போயிருந்தேன். இப்போதைய நூலகர், மடித்தால் ஒடியும் பழைய ஆண்டு மலர்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அதே தடித்த பதிவேடு. “இதுக்கும் நம்பர் போடுறீங்களா மேடம்?” என்றேன்.

“போடாம? நம்ம சொத்தாச்சே சார்.”

ஸ்கேன் செய்தவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று அங்கே பீரோவில். மற்றது பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகத்தில். அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய ரசீதைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தார்.