எபிசோட் 31: ஸ்னோமொபைலுக்கு ஷாக் வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

சட்பரியில இன்னிக்குக் காலையில மைனஸ் 22. ஹீட்டரைப் போட்டுக்கிட்டு கராஜ்ல உட்கார்ந்துதான் பேசுறேன். பின்னாடி உர்ர்னு சத்தம் கேட்டா அது ஹீட்டர், மன்னிச்சுக்கோங்க.

டிம்மின்ஸ்ல இருந்து ஒரு நேயர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். பன்னிரண்டு வருஷப் பழைய டிரெயில் ஸ்னோமொபைல் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கார். முப்பது கிலோமீட்டர் ஓட்டினா ரெண்டு நாளைக்கு முதுகை நிமிர்த்த முடியலையாம். வீட்டம்மா "வித்துத் தொலைங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஒரு கடையில கேட்டதுக்கு, நாலு ஷாக்கும் புதுசா போடணும், ரெண்டாயிரம் டாலருக்கு மேல ஆகும்னு சொல்லியிருக்காங்க. "போடவா, வேண்டாமா?" இதுதான் அவர் கேள்வி.

நான் உடனே பதில் சொல்லலை. திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "உங்க எடை எவ்வளவு?" 63 கிலோன்னார்.

ஏன் அதைக் கேட்டேன்னு புரிய, அந்த நாலு ஷாக்கும் எங்கே இருக்குன்னு முதல்ல பார்த்துடலாம். முன்னாடி ரெண்டு ஸ்கீக்கும் ஆளுக்கு ஒண்ணு. மிச்ச ரெண்டும் ரப்பர் டிராக்குக்கு உள்ளே, பின் சஸ்பென்ஷன்ல இருக்கும். அதில் முன் கைக்கு ஒண்ணு, பின் கைக்கு ஒண்ணு. முன் கையில் இருப்பதை சென்டர் ஷாக்னு சொல்லுவாங்க. நிறைய டிரெயில் வண்டிகள்ல பின் கை ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங்கே இருக்காது. பதிலா ரெண்டு பக்கமும் முறுக்கிவிட்ட பெரிய டார்ஷன் ஸ்பிரிங் இருக்கும். சீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்க எடையைப் பெரும்பாலும் சுமப்பது அதுதான்.

நம்ம ஊர் மெக்கானிக் கடைகள்ல இதை 'ஷாக் அப்சர்வர்'னு சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க. ஆனா அதிர்ச்சியை வாங்கிக்கிறது முதல்ல ஸ்பிரிங். ஸ்பிரிங் தனியா இருந்தா அமுங்கி, எம்பி, திரும்ப அமுங்கி ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறது ஷாக். உள்ளே எண்ணெய், அதுக்குள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல சின்னச் சின்ன வழிகள், வழியை மூடி நிற்கும் மெல்லிய தகடுகள். எண்ணெய் அந்த இடுக்கு வழியா கஷ்டப்பட்டுப் போகும்போது ஆட்டம் சூடாக மாறுது. அவ்வளவுதான் வித்தை.

ஆக, முதுகு வலிக்குதுன்னா குற்றவாளி ஷாக்காவும் இருக்கலாம், ஸ்பிரிங்காவும் இருக்கலாம். தொழிற்சாலையில நடுத்தர உடம்புக்காரரை மனசுல வச்சுத்தான் ஸ்பிரிங் போடுறாங்க. அந்தக் கணக்கு 63 கிலோ ஆளுக்குப் பொருந்தணும்னு அவசியம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். பின் பம்பரைப் பிடிச்சு, சஸ்பென்ஷன் முழுசா நீளும் வரை தூக்கி, தரையிலிருந்து பம்பர் வரை அளந்துக்கோங்க. அப்புறம் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கிட்டு வண்டியில மெதுவா உட்காருங்க. வேறொருத்தரை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். என் வண்டியோட மேனுவல்ல 50 முதல் 75 மில்லிமீட்டர் வரணும்னு போட்டிருக்கு. உங்க மேனுவலைப் பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும்.

நம்ம நேயருக்கு வந்தது 28. அதுவும் ஸ்பிரிங்கை இருக்கிறதிலேயே மென்மையான நிலையில வச்சும். அதாவது அவர் உட்கார்ந்தது அந்த ஸ்பிரிங்குக்குத் தெரியவே இல்லை. இந்த நிலையில ரெண்டாயிரம் டாலர் ஷாக் போட்டாலும் முதுகு அப்படியேதான் வலிக்கும். அவருக்குத் தேவை ஒரு படி மென்மையான டார்ஷன் ஸ்பிரிங். பல மாடல்களுக்கு வேற வேற அளவில் கிடைக்கும். ஒரு படிதான், ரெண்டு படி இறங்காதீங்க. பின்பக்கம் ரொம்ப மென்மையானா, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பின்னாடி குந்தி ஸ்கீ மேலே எழும்பும், வளைவுல திரும்பாது.

சரி, ஷாக் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? ஷாஃப்ட்ல எண்ணெய்க் கசிவு தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். கசிவு இல்லேன்னா கழற்றிக் கையால அமுக்கிப் பாருங்க. ஆரம்பத்துல கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாம சரக்குனு போனா, உள்ளே எண்ணெய் குறைஞ்சிருக்கு. நைட்ரஜன் அடைச்ச ஷாக்கை அமுக்கி விட்டா மெதுவா தானா நீளணும். அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தா வாயு போயிடுச்சு. பின் ஷாக்கைக் கழற்றும் முன்னாடி டார்ஷன் ஸ்பிரிங்கோட முறுக்கை இறக்கிடுங்க. மறந்தா விரல் போயிடும். விளையாட்டுக்குச் சொல்லலை.

அவரோட பின் ரெண்டு ஷாக்கும் செத்திருந்தது. ஸ்கீ ஷாக் ரெண்டும் நல்லாத்தான் இருந்தது. இப்பதான் என்ன வாங்கலாம்ங்கிற கேள்வியே வருது.

இந்த இடத்துல என் கதையைச் சொல்லணும். நாலு வருஷம் முன்னாடி விளம்பரம் பார்த்து ஒருத்தர்கிட்ட பழைய ஷாக் வாங்கினேன். போல்ட் ஓட்டை பொருந்துச்சு, நீட்டி வச்சா நீளமும் சரியா இருந்துச்சு. முழுசா அமுங்கின நீளத்தை நான் அளக்கவே இல்லை. அது பழசைவிட 20 மில்லிமீட்டர் அதிகம். சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கும்போது ஒரு ரப்பர் கட்டைமேல போய் உட்காரணும். என் வண்டியில ரப்பருக்கு முன்னாடி ஷாக்கே இரும்போடு இரும்பா முட்டிக்கிச்சு. ஒரு பெரிய மேட்டுல டொக்குனு ஒரு சத்தம், பிராக்கெட் வெல்டிங்கோட பிளந்துடுச்சு. சாயங்காலம் நாலு மணி, மைனஸ் 24, டிரக் நிறுத்தின இடம் 14 கிலோமீட்டர் தூரத்துல. கூட நண்பர் வந்திருந்தார். டிரைவ் பெல்ட்டைக் கழற்றிட்டு மெதுவா இழுத்துட்டு வந்தோம். தனியா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிக்கிறதில்லை.

அதனால அளவு மூணு: முழுசா நீண்ட நீளம், முழுசா அமுங்கின நீளம், ரெண்டு முனையிலும் கண்ணோட அகலமும் போல்ட் விட்டமும். சென்டர் ஷாக்ல நீளம் மாறினா இன்னொரு தொல்லையும் உண்டு. கொஞ்சம் நீளமானது போட்டா வண்டியோட மூக்கு தூக்கி, ஸ்கீமேல எடை குறைஞ்சுடும். ஹேண்டில் லேசாயிடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, அடுத்த வளைவுல நேரா மரத்துக்குத்தான் போவீங்க.

அடுத்து வகை. மலிவானதுல எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில கலந்திருக்கும். அரை மணி நேரம் குண்டும் குழியுமான டிரெயில்ல குலுங்கினா மோர் கடைஞ்ச மாதிரி நுரை வந்துடும். நுரைக்கு எதிர்ப்பு கிடையாது, ஷாக் தளர்ந்துடும். அதுக்கு மேல உள்ள வகையில மிதக்கிற பிஸ்டன் ஒண்ணு எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரிச்சு வைக்கும். என் ஓட்டு இதுக்குத்தான், அதுவும் பிரிச்சு சர்வீஸ் பண்ற மாதிரி இருந்தா மட்டும். ஷாஃப்ட்ல ஒட்டுற பனிக்கட்டி சீலைக் கீறிக்கிட்டே இருக்கும். ரெண்டு சீசனுக்கு ஒரு தடவையாவது சீலும் எண்ணெயும் மாத்துறது நல்லது. வாயை மடிச்சு மூடின இரும்பு ஷாக்கைத் தூக்கித்தான் போடணும்.

ஸ்பிரிங்கே இல்லாத காற்று ஷாக்கும் இருக்கு. எடை குறைவு, சின்னப் பம்ப் வச்சே இறுக்கத்தை மாத்திக்கலாம். ஆனா குளிர்ல காற்று சுருங்கும். 20 டிகிரி கராஜ்ல 60 பி.எஸ்.ஐ. அடிச்சு, மைனஸ் 25-ல வெளியே நிறுத்தி வச்சா கிட்டத்தட்ட 48-தான் காட்டும். ஓடும்போது சூடாகிக் கொஞ்சம் ஏறும். காற்று ஷாக் வச்சிருக்கிறவங்க கராஜ்ல அடிக்காதீங்க, வெளியே நிறுத்தி ஆறவிட்டு அடிங்க.

நேயருக்கு நான் சொன்னது இது. ஸ்கீ ஷாக்கைத் தொடாதீங்க. பின் கை ஷாக் அலுமினியத்துல, பிரிக்கக் கூடியது, அதை சர்வீஸ் கொடுங்க. சென்டர் ஷாக் மடிச்சு மூடினது, அதுக்கு மட்டும் புதுசா, பிரிக்கிற வகை ஒண்ணு வாங்குங்க. சர்வீஸ் கொடுக்கும்போது உங்க எடையையும் புது ஸ்பிரிங்கோட அளவையும் கட்டாயம் சொல்லுங்க. பழைய தகடுகள் இறுக்கமான ஸ்பிரிங்கை அடக்க வச்சது. மென்மையான ஸ்பிரிங்குக்கும் அதையே விட்டா, ஷாக் திரும்பி நீள நேரம் எடுக்கும். அது நீள்றதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும், நாலஞ்சு மேட்டுல வண்டி முழுக்க அமுங்கிப்போய் திரும்பவும் முதுகுல இடிக்கும்.

மொத்தம் எண்ணூறு டாலருக்குள்ள முடிஞ்சுது. போன ஞாயிறு 70 கிலோமீட்டர் போயிட்டு வந்து மெசேஜ் போட்டிருந்தார். சேக் இப்ப 58. வண்டியை விக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லையாம். ஆனா வீட்டம்மா தனக்கும் ஒரு ஹெல்மெட் கேட்கிறாங்களாம். ரெண்டு பேர் உட்கார்ந்தா அந்த மென்மையான ஸ்பிரிங் என்ன ஆகும்னு அடுத்த வாரம் பேசுவோம்.