நீந்தணும்... மிதிக்கணும்... ஓடணும்! நடுவில் ஓய்வே கிடையாது!

தருமபுரி பஸ் நிலையத்து டீக்கடையில் இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "ஏம்பா, மூணும் ஒரே நாள்லயா? ஆளு பொழைச்சு வருவானா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆள் பிழைத்து வருவதற்கென்றே இந்தப் போட்டியில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்!

போட்டியின் பெயர் டிரையத்லான். முதலில் நீச்சல், அடுத்தது சைக்கிள், கடைசியில் ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்தார்கள். 1½ கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். கடிகாரம் நிற்காது. ஈரத்தோடு ஓடி வந்து சைக்கிளைக் கிளப்பும் நேரமும் கணக்கில் சேரும். அவசரத்தில் ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளை எடுத்தால் தண்டனை!

ஒகேனக்கல்லுக்கு 2 தடவை!

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. அதுதான் 'அயர்ன்மேன்'. நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ. அதாவது, தருமபுரியில் இருந்து ஒகேனக்கல்லுக்கு சைக்கிளில் 2 தடவை போய் வர வேண்டும். பிறகு அதே ரோட்டில் கிட்டத்தட்ட ஒகேனக்கல் வரை ஓட வேண்டும்!

1978-ல் ஹவாயில் முதல் போட்டி நடந்தது. கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முன்னால் ஓடிய ஜான் டன்பாருக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் பீரைக் கொடுத்தார்கள்! பின்னால் வந்த கார்டன் ஹாலர் அவரை முந்தி, 11 மணி 46 நிமிடத்தில் ஜெயித்தார்.

நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன், 50 வயதைத் தொடச் சில மாதங்களே இருந்தபோது, 2015-ல் சூரிச் நகரில் இதை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார்.

தவழ்ந்து வந்த மாணவி

1982-ல் ஹவாயில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி முதலிடத்தில் ஓடி வந்தார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது கால் மடிந்து விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். அதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி முந்திவிட்டார். ஜூலி தவழ்ந்தே வந்து கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி!

அவர் விழுந்தது தரையில். அதே தளர்ச்சி தண்ணீரில் வந்திருந்தால்...?

அதனால்தான் உடம்பில் தெம்பு இருக்கும்போதே நீச்சலை முடித்துவிடுகிறார்கள். அப்படியும் இந்தப் போட்டியில் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை நீச்சலில்தான். படகுகளில் காவலுக்கு ஆள் நிற்பது சும்மா இல்லை.

நம்ம ஊரில்...

தருமபுரிப் பையன்களுக்கு ஓட்டமும் சைக்கிளும் புதிதல்ல. நீச்சல்? "கிணத்துலயே கத்துக்கிட்டேன் அண்ணே" என்பான் கிராமத்துப் பையன். சரிதான் தம்பி! ஆனால் கிணற்றில் குதித்துக் கரையேறுவது வேறு. நிற்காமல் 1½ கி.மீ. நீந்துவது வேறு. 50 மீட்டர் நீச்சல் குளத்தில் அது 30 நீளம்! அதைப் பழக ஒகேனக்கல் காவிரியில் இறங்கிவிடாதே. அந்தப் பாறையும் சுழலும் நீச்சல் தெரிந்தவனையும் விடாது. குளத்தில், சொல்லித் தர ஆள் இருக்கும்போது பழகு.

சின்ன ஊர் என்று சோர்ந்துபோக வேண்டாம். பெர்முடா என்ற குட்டித் தீவின் மக்கள் தொகை ஏறத்தாழ தருமபுரி டவுன் அளவுதான். அந்தத் தீவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் 2021-ல் டோக்கியோவில் கிடைத்தது. வாங்கித் தந்தவர் ஃப்ளோரா டஃபி என்ற பெண். எந்தப் போட்டியில் தெரியுமா? இதே டிரையத்லானில்தான்!