முகாமில் தொடங்கிய புகை: விட நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள்

நான் முதல் சிகரெட்டைப் பிடித்தது 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில். அப்போது எனக்கு 21 வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. இரவில் கண்ணை மூடினால் ஷெல் கூவி வரும் சத்தம் கேட்கும். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அண்ணை ஒருவர், ஷெல்லில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், தான் பாதி பிடித்த சிகரெட்டை என்னிடம் நீட்டினார்.

"இழு தம்பி. கொஞ்ச நேரத்துக்கு ஒண்டும் கேளாது."

உண்மைதான். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அடுத்த 14 வருடங்கள் புகைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது ஒரு நாளைக்கு நான்கு ஐந்து. செய்தியாளராக வேலை செய்யத் தொடங்கிய பிறகு பன்னிரண்டு, பதினைந்து. மூன்று தடவை விட முயன்று மூன்று தடவையும் தோற்றேன். நான்காவது முயற்சி 2023 ஒக்டோபரில் தொடங்கியது. இன்று வரை அது நிற்கிறது.

எங்கள் சனங்களுக்குள் என்னைப்போல் தொடங்கியவர்கள் பலர். பதுங்குகுழியில் தொடங்கியவர்கள், தடுப்பில் தொடங்கியவர்கள், மனைவி பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்து தொடங்கியவர்கள். "சிகரெட் புற்றுநோயைத் தரும்" என்று அவர்களுக்கு மறுபடியும் சொல்வதில் பயன் இல்லை. பெட்டியின் 80 சதவீதத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பற்றவைத்தோம். விடுவது ஏன் எங்களுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, எது உண்மையில் உதவுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறுதல் தருவது எது?

புகையை உள்ளே இழுத்து 10 செக்கன் அளவில் நிக்கொட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டொப்பமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கச் செய்கிறது. அதுதான் அந்த ஆறுதல். ஆனால் நிக்கொட்டின் உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைந்துவிடும். பழகிய மூளை அடுத்ததைக் கேட்கத் தொடங்கும். பதற்றம் வரும், எரிச்சல் வரும், ஒன்றிலும் மனம் நிற்காது, நித்திரை குழம்பும்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். பதற்றம், எரிச்சல், நித்திரையின்மை, மனம் ஒருமுகப்படாமை. போரின் உளக்காயம் உள்ளவர்களுக்கு வைத்தியர் எழுதும் அறிகுறிகளும் இவைதான். நாங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே. நிக்கொட்டின் குறைந்ததால் வந்த பதற்றத்தை 2009 தந்த பதற்றம் என்று நினைக்கிறோம். ஒரு சிகரெட் பிடித்ததும் அது அடங்குகிறது. "பாத்தியா, இது இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்" என்று முடிவு செய்கிறோம். உண்மையில் அந்தச் சிகரெட் முந்திய சிகரெட் உண்டாக்கிய பதற்றத்தைத்தான் அடக்கியது. போரின் காயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"விட்டால் எனக்கு விசர் வந்திடும்"

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. அண்ணைக்கு இன்னும் கூடுதலாக இருந்தது. "கால் போச்சு, காணி போச்சு, தம்பிமார் ரெண்டு பேர் போச்சினம். இதையும் விட்டால் பிறகு என்னட்டை என்னடா இருக்கு?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஆய்வு தரும் பதில் உண்டு. அமெரிக்காவில் போருக்குப் போய் உளக்காயத்தோடு திரும்பிய படையினரில் புகைப்பிடிக்கும் 943 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு பகுதியினரைப் புகைத்தலை நிறுத்த உதவும் தனிக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மற்றப் பகுதியினருக்கு, உளக்காயத்துக்குச் சிகிச்சை கொடுத்த அதே ஆட்களே புகைத்தலை விடவும் உதவினார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக விட்டிருந்தவர்கள் முதற் பகுதியில் 4.5 சதவீதம், இரண்டாவது பகுதியில் கிட்டத்தட்ட 9 சதவீதம். விட்டவர்களின் உளக்காய அறிகுறிகள் மோசமாகவும் இல்லை. 2021 இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

இதில் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, விட்டால் விசர் வராது. மற்றது, துணை கிடைத்தவர்களிலும் 100 க்கு 90 பேருக்கு மேல் அந்த முறை வெல்லவில்லை. ஆகவே ஒரு தடவை தோற்றவர் பலவீனமானவர் அல்ல. துணையே இல்லாமல் தனியே விட முயல்பவர்களில் 100 க்கு நான்கைந்து பேர்தான் நிலைக்கிறார்கள்.

நான் தோற்ற மூன்று தடவை

முதல் தடவை 2016 மே 18. இறந்தவர்களின் பேரில் சத்தியம் செய்தேன். அன்று இரவே உடைந்தது. சோகம் நிறைந்த நாளில் இப்படியொரு பாரத்தைத் தூக்கக்கூடாது என்று பிறகுதான் விளங்கியது. உடைந்தபோது சிகரெட்டோடு சேர்த்துக் குற்றவுணர்வும் வந்தது. அடுத்த மாதம் முன்னரைவிடக் கூடப் புகைத்தேன்.

இரண்டாவது தடவை ஒருவருக்கும் சொல்லவில்லை. தோற்றால் வெட்கம் என்ற எண்ணம். ஒன்பதாவது நாள் ஓட்டோ நிற்கும் சந்தியில் நண்பன் ஒருவன் ஒன்றை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் தயாராக இருக்கவில்லை.

மூன்றாவது தடவை "தனிச் சிகரெட் மட்டும், பெட்டி வாங்குவதில்லை" என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக விற்பது எங்களுக்கு வசதியாகத் தெரிகிறது. ஆனால் கையில் காசு குறைவான ஆளையும், விட நினைக்கும் ஆளையும் இழுத்து வைத்திருப்பது அந்த ஒன்றுதான். ஒரு இறாத்தல் பாண் வாங்கும் காசு ஒரு சிகரெட்டோடு போய்விடும்.

உறுதி வந்த இடம்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு அம்மாவின் கதையையும் கேட்டு முடித்ததும் வெளியே வந்து ஒன்று பற்றவைப்பேன். 2023 இல் ஒருநாள் பேட்டியின் நடுவே எனக்கு இருமல் நிற்கவில்லை. அந்த அம்மா தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் ஒவ்வொருவராய்ச் செத்துக்கொண்டிருக்கிறம் தம்பி. நீங்களாவது எழுதுவியள் எண்டு பாத்தால், நீர் எங்களுக்கு முன்னம் போயிடுவீர் போல கிடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே மாதம் அண்ணையின் வெட்டிய காலில் பழைய புண் மறுபடி திறந்தது. செயற்கைக்காலைப் போட முடியவில்லை. கிளினிக்கில் வைத்தியர் சொன்ன காரணம் எங்கள் இருவருக்கும் புதிது. நிக்கொட்டின் சிறிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயு இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புண் ஆறுவதற்குத் தேவையான இரத்தமும் ஒட்சிசனும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அவயவம் இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கைப் புண்ணோடு இருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்தபோது அண்ணை கேட்டார்: "அப்ப என்னடா, ரெண்டு பேருமாய் ஒருக்காப் பாப்பமா?"

நாங்கள் செய்தது

நாள் ஒன்றைக் குறித்தோம். இரண்டு கிழமை தள்ளி ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. நினைவு நாளும் இல்லை, திருவிழாவும் இல்லை, சம்பள நாளும் இல்லை.

அந்த இரண்டு கிழமையும் எப்போது, எதற்காகப் புகைக்கிறோம் என்று எழுதினோம். எனக்குத் தேத்தண்ணியோடு ஒன்று, பேட்டிக்குப் பிறகு ஒன்று, எழுதத் தொடங்குமுன் ஒன்று. அண்ணைக்குப் பெரும்பாலும் இரவில், நித்திரை குழம்பி எழும்பும் நேரத்தில். ஒவ்வொன்றுக்கும் வேறொன்றை வைத்தோம். நான் வெறுந்தேத்தண்ணியை விட்டு மோருக்கு மாறினேன். பேட்டி முடிந்ததும் பற்றவைப்பதற்குப் பதிலாக அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை இரவில் எழும்பினால் முற்றத்தில் இருந்து ரேடியோ கேட்டார். அக்காவும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தா. என்ன கனவு என்று அவ கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது என்று அண்ணை பிறகு சொன்னார்.

அந்தரம் ஒரு அலைபோல வரும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தானாக இறங்கிவிடும், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் போதும். தண்ணீர் குடியுங்கள், நடவுங்கள், யாரோடாவது கதையுங்கள். முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் உடம்பின் அந்தரம் பெருமளவு அடங்கும். அதற்குப் பிறகு வருவது பழக்கத்தின் ஞாபகம்.

அண்ணை ஐந்தாவது கிழமை ஒரு செத்தவீட்டில் இரண்டு பிடித்தார். அடுத்த நாள் காலையில் அவரே எனக்குச் சொன்னார். மறுபடி முதலாம் நாளில் இருந்து எண்ணவேண்டாம், வழுக்கியது ஒரு நாள்தான் என்று கதைத்துத் தொடர்ந்தோம்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை, நிக்கொட்டின் சுவிங்கம், வரெனிக்லின், புப்புரோப்பியன், சைட்டிசின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. எங்கள் பக்கத்து மருந்தகங்களில் எல்லாம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. கிடைத்தாலும் வைத்தியரைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

எங்கள் ஆட்கள் முக்கியமாக இரண்டு விடயத்தைச் சொல்லவேண்டும். தலையில் ஷெல் துண்டு இருந்தாலோ, தலையில் பெரிய காயம் பட்டிருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். புப்புரோப்பியன் வலிப்பைத் தூண்டக்கூடியது. அடுத்தது, மனநலக் கிளினிக்கில் குளோசப்பின், ஒலான்சப்பின் போன்ற மருந்து எடுப்பவர்கள் புகைத்தலை விடும்போது இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடும். ஆகவே விடுவதற்கு முன்னரே கிளினிக்கில் சொன்னால் அளவை மாற்றித் தருவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

முதல் மாதம் உங்கள் ஆள் எரிந்து விழுவார். "இதுக்கு நீ பத்திக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒளித்துப் பிடித்ததைக் கண்டால் பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்காதீர்கள். வெட்கப்பட்ட ஆள் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளிப்பார். வெற்றிலையோடு புகையிலை போடும் எங்கள் அம்மாமாரும் இந்தக் கணக்கில் அடக்கம். அதிலும் நிக்கொட்டின்தான் இருக்கிறது. வாய்ப்புற்றுநோய்க்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

"எங்கடை அப்பப்பா தொண்ணூறு வயதுமட்டும் சுருட்டுப் பத்தினவர்" என்று சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. புகையிலை எங்கள் செம்மண்ணில் விளைந்து பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர், மறுக்கவில்லை. ஆனால் தொண்ணூறு வரை இருந்தவரைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். ஐம்பதில் போனவரைப் பேரப்பிள்ளைகள் காணவில்லை.

இனி விட்டு என்ன பயன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய வைத்தியர்களை 50 வருடம் பின்தொடர்ந்து 2004 இல் வெளியான ஆய்வின்படி, தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழக்கிறார்கள். 30 வயதளவில் விட்டால் அந்தப் பத்தும் கிட்டத்தட்டத் திரும்பக் கிடைக்கிறது. 40 இல் விட்டால் 9 வருடம், 50 இல் விட்டால் 6 வருடம், 60 இல் விட்டாலும் 3 வருடம். மூன்று வருடம் என்பது சிறிய கணக்கு அல்ல. பிள்ளையைத் தேடிக் காத்திருக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

புகைத்தலை நிறுத்த உதவும் தொலைபேசி இலக்கம் 1948. மனம் தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. அருகில் உள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். இவை ஒன்றும் சரிவராவிட்டால், உங்களோடு சேர்ந்து விடக்கூடிய ஒரு ஆளைப் பிடியுங்கள்.

அண்ணையின் கால் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. இப்போது செயற்கைக்காலைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறார். நித்திரை குழம்புவது இன்னும் நிற்கவில்லை, எனக்கும் நிற்கவில்லை. நேற்று இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"முழிப்பே?"

"ஓம் அண்ணை."

"பத்தேல்லைத்தானே?"

"இல்லை."

"நானும் இல்லை. சரி, படு."